வன்னி என்றால் காடு மட்டும்தானா?

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்த அந்தப் பேச்சை இதற்குள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "வன்னிக் காட்டுக்குள் போய் மனுசர் இருப்பார்களா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். சபை சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வடக்கே வன்னியில், முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளைக்காரன். இன்றைக்கும் ஊரில்தான் இருக்கிறேன். போக்கிடம் இல்லாமல் இல்லை, விருப்பப்பட்டு இருக்கிறேன்.

காடு இருக்கிறதுதான். வைகாசி, ஆனியில் அதற்குள் பாலைப்பழம் பழுக்கும். ஆசைக்குத் தின்றால் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்தால்தான் போகும். அதே வைகாசியில்தான் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல். சிலாவத்தைக் கடலில் அள்ளிவரும் தண்ணீரை விட்டுக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பார்கள். எண்ணெய் இல்லை, உப்புத்தண்ணீர். அந்த விளக்கைப் பார்க்க வரும் சனத்தைக் கண்டவர், மனுசர் இருப்பார்களா என்று கேட்கமாட்டார்.

2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. கொழும்புக்கு வந்துவிடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். அம்மா முதலில் கிணற்றை இறைக்கச் சொன்னார். முதல் வாளித் தண்ணீர் சேறாகத்தான் வந்தது. அதைக் கையில் ஏந்தி முகத்தில் பூசிக்கொண்டார். விருப்பப்பட்டு இருக்கிறோம் என்றால் இதுதான் அர்த்தம்.

யானை வருமே என்பீர்கள். வரும். வயலில் காவல் இருக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு? என்னோடு எங்கள் ஊர் வித்தியானந்தாக் கல்லூரியில் படித்தவர்களிடம் கேளுங்கள். "கண்ணைக் காட்ட நீயும் கொழும்புக்குத்தானே வந்தாய்?" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். வந்தேன். வராமல் என்ன செய்வது? படித்த வைத்தியர்கள் எங்கள் பக்கம் மாற்றம் கிடைத்தால் ஆளைப் பிடித்து ரத்துச் செய்கிறார்கள். அது ஊரின் குற்றமா? காடு, காடு என்று நீங்கள் சொல்லிச் சொல்லித்தானே அவர்கள் வராமல் போகிறார்கள்!

கொழும்பை நான் பழிக்கவில்லை. ஆனால் 1983 இனக்கலவரத்தில் இந்தக் கொழும்பிலிருந்து அடிபட்டு, உடுத்த உடுப்போடு வடக்குக்கு வந்தவர்களில் எங்கள் பக்கம் வந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள், எங்கள் குரக்கன் பிட்டைச் சாப்பிட்டார்கள். அப்போது அது காடாகத் தெரியவில்லை.

அந்தப் பெரியவர் வெளியாள், சொல்லிவிட்டுப் போகட்டும். என்னைச் சுட்டது வேறு. பக்கத்தில் இருந்த அக்காவின் மகனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து, "நீ எந்த ஊரடா?" என்று கேட்டேன். "யாழ்ப்பாணம்" என்றான். அவன் பிறந்தது கொழும்பில், தாய் தகப்பன் இருவரும் முள்ளியவளை. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லச் சொல்லி அம்மாதான் சொல்லிக்கொடுத்தாவாம்.

அக்கா, நீ இதை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தாய்?