லிஃப்ட் போட்டாலும் டயர் உரசும்
ஜீப்பின் பாடியை உயர்த்தும் லிஃப்ட் பற்றிய இந்தக் கட்டுரையில் "2 இஞ்ச் லிஃப்ட் போட்டுவிட்டால் பெரிய டயர் எங்கேயும் உரசாது" என்று இருப்பது பாதிதான் சரி. லிஃப்ட் இடம் கொடுப்பது மேல்பக்கம். உரசல் வருவது பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது. காரைக்குடியில் அண்ணனுடைய மஹிந்திரா தார் ஜீப்பில் லிஃப்ட் போட்டு, 245/75 ஆர்16 அளவு டயருக்குப் பதில், அதைவிட அகலமும் உயரமும் கூடிய 265/75 மாட்டியிருக்கிறார். தேவகோட்டை ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்கட்டு வாசல் திறக்கும் சந்தில் திருப்பும்போதுதான் 'சரக்'கென்று கேட்கும். குனிந்து பார்த்தால், செம்மண் அப்பிய உள்மட்கார்டில் அந்த ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று கருப்பாக இருக்கிறது. ரிம்மை வெளியே தள்ளிப் போட்டால் சேஸி பக்கம் தப்பிக்கும், ஆனால் பம்பர் முனையில் போய் இடிக்கும். அதனால் ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) பார்க்காமல் டயர் வாங்கக் கூடாது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், லிஃப்ட் இருந்தால் கண்மாய்க் கரையில் அடிதட்டாது என்கிறார். பாடி உயரும், சரி. ஆனால் பின் அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் அதே உயரத்தில்தான் தொங்கும். அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான், அதுவும் இந்த அளவு மாற்றத்துக்கு 15 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 4 சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். அப்புறம் ஸ்டெப்னி! அதையும் பெரிதாக மாற்றினால் கனம் முழுக்கப் பின்கதவுக் கீலில்தான் தொங்கும், கட்டுரையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.