பட்டமளிப்பு விழாவில் பெற்றோருக்கு ஒரு நாற்காலி

மார்ச் வந்துவிட்டால் முகநூல் முழுக்க யூகேஜி பிள்ளைகளின் 'கிராஜுவேஷன் டே' படங்கள்தான். வாடகை அங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி, முன்வரிசையில் அப்பா அம்மா. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து நிஜமாகவே பட்டம் வாங்கும் நாளில் அதே அப்பா அம்மாவை எங்கே நிறுத்துகிறோம் என்று நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கட்டணத்தில் கிடைக்கும் முதல் பட்டதாரி சலுகை, தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 2010-ல் வந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இ-சேவை மையத்தில் போய் நின்று பாருங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று சொல்ல வேண்டும். எட்டாவது. ஐந்தாவது. பள்ளிக்கூடமே போகவில்லை. இந்தச் சலுகைக்காக, விஏஓ, ஆர்ஐ என்ற வருவாய்த் துறை அலுவலர்கள் விசாரித்து, தாலுகா அலுவலகம் தரும் சான்றிதழ் அது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் பி.ஏ. தேறிய இருவரில் ஒருவர், யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம்பிள்ளை. ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் பட்டம் எட்டிப் பார்க்காத வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுக்குள் அது முதல் தடவையாக வரும்போது, பெற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா?

பல்கலைக்கழக விழாவில் மேடையேறுவது பெரும்பாலும் முனைவர் பட்டம் வாங்குபவர்களும் பதக்கம் வாங்குபவர்களும்தான். மற்றவர்களுக்குக் கல்லூரி விழா. அதுவும் பல இடங்களில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் நடக்கும். அதற்குள் பையன் ஒரகடத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போயிருப்பான்; லீவு கிடைக்காது. லீவு சொல்லி வந்தாலும், 'மாணவர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிற கல்லூரிகள் உண்டு. நான்கு பஸ் மாறி வந்த அம்மா கேட்டுக்கு வெளியே நிற்பார். பெயர் கூப்பிடுவது அவர் காதில் விழாது.

இடம் போதாது என்பார்கள். துறைவாரியாகப் பிரித்து, காலையில் பாதி மாலையில் பாதி என்று நடத்தினால் போதுமே. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசியே ஆக வேண்டுமா? பத்து நிமிஷம் பேசட்டும். மிச்ச நேரத்தில் ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து வாசியுங்கள்.

கல்லூரி முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருஷ அழைப்பிதழிலேயே 'பெற்றோருடன் வருக' என்று அச்சடியுங்கள்.