காற்றுக் குறியீடு 500-இல் நிற்பது மோசடியா?

"டெல்லி காற்றுத் தரக் குறியீடு 1000-ஐத் தாண்டிவிட்டது, அரசு 500 என்று காட்டி ஏமாற்றுகிறது." குளிர்காலம் தொடங்கினால் போதும், இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வலம்வரும். தவறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் கொண்டுவந்த அளவுகோலே 500-இல் முடிகிறது. அது 24 மணி நேரச் சராசரி. செயலிகள் பல அமெரிக்க அளவுகோலில், அந்தந்த நேர நிலவரத்தைக் காட்டுகின்றன. ஒரு கன மீட்டரில் பிஎம் 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் குறியீடு 100: 'திருப்திகரம்'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டி, 'உடல்நலத்துக்குக் கேடு' ஆகிவிடும். யாருக்குத் திருப்தி என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அது மோசடி அல்ல. கோபப்பட வேண்டிய இடம் வேறு. கண்காணிப்பு நிலையங்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கின்றன. செங்கல் சூளைகளை ஒட்டிய பல கிராமங்களின் காற்றை அளக்க அருகில் ஒரு நிலையம்கூட இல்லை.