செல்லூரில் இருந்தும் ஆற்றைப் பார்க்காதவள்

'நமக்கு வேண்டியதைச் செய்ய நாமே நமக்கு அனுமதி கொடுக்க வேண்டும், சின்னதாக ஆரம்பியுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி முழு உண்மை. சின்னதாக என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கல்யாணமாகி 22 வருஷமாக மதுரை செல்லூரில் இருக்கிறேன். வைகை கூப்பிடு தூரம். ஆனாலும் சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கே மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சொந்தபந்தம் வந்துவிடும். பாய் விரிக்க இடமிருக்காது. 3 மணிக்கு எல்லோரும் கிளம்புவார்கள், திரும்பும்போது இட்லி ஆவி பறக்க இருக்க வேண்டும். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. 'நீயும் வா' என்றும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்திருக்கிறேன் என்பது போன சித்திரையில்தான் புரிந்தது.

"அத்தை, நான் ஆத்துக்குப் போறேன். மாவு இருக்கு, சட்னியை யாராவது அரைச்சுக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "சரி, செம்புல சர்க்கரை எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

செம்பு நிறையச் சர்க்கரை, வாய்க்கு வாழை இலை, மேலே சூடம். கை சுட்டது. கூட்டத்தில் ஒரு செருப்பும் போனது. தங்கக் குதிரை தெரிந்ததும் அழகர் உடுத்திய பட்டு என்ன நிறம் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், பச்சை என்றால் மழை செழிக்கும் என்பார்களே. எனக்குக் கண்ணில் நீர் நிறைந்து நிறமே தெரியவில்லை.

வீட்டுக்கு வர மணி எட்டு. பொடி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நாலு இட்லி எடுத்து மூடி வைத்திருந்தார் அத்தை.