பெரிய அடி இல்லாதவர் கற்றுக்கொடுத்த டென்னிஸ்

ஒரு டென்னிஸ் கோச்சைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மில் பலர் முதலில் கேட்பது, "அவர் எத்தனை கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சிருக்கார்?" என்றுதான். பிராட் கில்பர்ட் விஷயத்தில் பதில், கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றுகூட இல்லை. அரையிறுதியைக்கூட அவர் தொட்டதில்லை. 1987 யு.எஸ். ஓபனிலும் 1990 விம்பிள்டனிலும் காலிறுதி வரை வந்தார், அதோடு சரி. ஆனால் அவர் கோச்சாக உட்கார்ந்திருந்தபோது மூன்று பேர் யு.எஸ். ஓபன் கோப்பையைத் தூக்கினார்கள்: 1994-ல் ஆந்த்ரே அகாசி, 2003-ல் ஆண்டி ராடிக், 2023-ல் கோகோ காஃப். முதல் கோப்பைக்கும் கடைசிக் கோப்பைக்கும் நடுவே 29 வருடம். ராக்கெட் நரம்பு மாறிவிட்டது, ஆட்டத்தின் வேகம் மாறிவிட்டது, விதிகளும் மாறிவிட்டன. இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

ஆட்டக்காரராகவும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. 20 ஒற்றையர் பட்டங்கள், 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெண்கலம், 1990 ஜனவரியில் உலக வரிசையில் 4-ம் இடம். ஆனால் அன்றைய சாம்பியன்களான பெக்கரின் சர்வோ எட்பெர்கின் வாலியோ (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அவரிடம் கிடையாது. எதிராளிக்குப் பிடிக்காத உயரத்தில், பிடிக்காத வேகத்தில் பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டே ஜெயித்தவர். நியூயார்க்கில் 1986 ஜனவரியில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் மெக்கென்ரோவையே வீழ்த்தினார். கையில் பெரிய அடி இருப்பவருக்கு எதிராளியைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கில்பர்ட்டுக்கு இருந்தது. அந்தப் படிப்புதான் பிற்பாடு அவருக்குத் தொழிலானது.

1994 மார்ச்சில் அகாசியிடம் வந்தார். அகாசி அப்போதே விம்பிள்டன் வென்றவர், ரிட்டர்னில், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பதில், அவருக்கு நிகர் யாரும் இல்லை. வந்த பந்தையெல்லாம் கோட்டில் போட்டு அப்போதே பாயின்டை முடிக்கப் பார்ப்பதுதான் அவருடைய குறை. ஏன் அது குறை என்பதைக் கொஞ்சம் அளவோடு பார்க்கலாம்.

கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் அகலம் 8.23 மீட்டர். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 25 மீட்டருக்குச் சற்று மேலே வரும். ஆக, கிராஸ் கோர்ட், அதாவது குறுக்கே, அடித்தால் பந்து விழுவதற்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. வலையும் ஓரத்தில் 1.07 மீட்டர் உயரம், நடுவில் 91.4 சென்டிமீட்டர்தான். அந்த 15 சென்டிமீட்டர் வித்தியாசம், இரண்டு பந்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரத்தைவிட அதிகம். இப்போது, ஓடிப்போய் எட்டிப் பிடித்த பந்தை ஒருவர் டவுன் தி லைன், அதாவது பக்கக் கோட்டை ஒட்டி நேராக, அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வலை உயரமாக இருக்கும், தூரமும் குறைவு. குறுக்கே வந்த பந்தின் திசையையும் திருப்ப வேண்டும், ராக்கெட் முகம் இம்மி பிசகினாலும் பந்து பக்கவாட்டில் வெளியே போய்விடும். தப்பித்தவறி உள்ளே விழுந்து எதிராளி குறுக்கே திருப்பி அடித்தாலோ, காலியாகக் கிடக்கும் மறுபக்கம் முழுவதையும் ஓடித்தான் கடக்க வேண்டும். ஆகவே நிலை தடுமாறியிருக்கும்போது குறுக்கே, ஆழமாக, கோட்டுக்குள் தாராளமாக இடம் விட்டு அடிக்க வேண்டும். எதிராளியின் பந்து குட்டையாக விழுந்து, நம் கால் பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) உள்ளே வந்த பிறகுதான் நேராக அடிக்க வேண்டும்.

இது எந்த ஊர் அகாடமியிலும் சொல்லித் தருகிற பாடம்தான். ஆனால் 24 வயதில், விம்பிள்டன் கோப்பையும் உலகப் புகழும் உள்ளவரிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது வேறு வேலை. அந்த ஆகஸ்ட் இறுதியில் அகாசி தரவரிசைச் சலுகை (முன்னணி ஆட்டக்காரர்கள் ஆரம்பச் சுற்றுகளில் ஒருவரோடு ஒருவர் மோதாமல் பிரித்து வைக்கும் ‘சீடிங்’) எதுவும் இல்லாமல் யு.எஸ். ஓபனுக்குள் போனார். ஃபெரேரா, சாங், மஸ்டர், மார்ட்டின், ஸ்டிச் என ஐந்து தரவரிசை ஆட்டக்காரர்களை வரிசையாக வென்றார். 1966-க்குப் பிறகு அப்படி வந்து அங்கே ஆண்கள் பட்டம் வென்றவர் அவர்தான்.

அன்றைய விதியையும் நினைவில் வைக்க வேண்டும். ஆட்டத்துக்கு நடுவே கோச் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லி, மண்டையில் நிற்க வைத்தாக வேண்டும். 30-40 என்று பின்தங்கியிருக்கும்போது எதிராளி இரண்டாவது சர்வை எந்தப் பக்கம் போடுவான், உயரமாக எழும்பும் பந்துக்கு எந்தக் கை முதலில் தடுமாறும், நீண்ட ராலிக்கு அடுத்த பாயின்டில் அவசரப்படுவானா என்று கோச் இருபது விஷயம் குறித்து வைத்திருக்கலாம். ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டியது இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் சொன்னால் கால் நகராது. கோச்சிங்கில் பாதித் தோல்வி இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

1997 நவம்பரில் அகாசி 141-ம் இடத்துக்குச் சரிந்தார். அந்த நிலையில் கோச்சுகள் கழன்றுகொள்வது வழக்கம். கில்பர்ட் இருந்தார். லாஸ் வேகாஸ், பர்பாங்க் ஊர்களில் நடந்த சேலஞ்சர் எனும் இரண்டாம் நிலைப் போட்டிகளில், சிறிய கூட்டத்துக்கு முன்னால், அகாசி மறுபடி ஆடத் தொடங்கினார். 1998 முடிவில் 6-ம் இடம்.

அப்புறம் 1999 பிரெஞ்சு ஓபன் இறுதி. எதிரே உக்ரைனின் ஆந்த்ரே மெட்வெடேவ். முதல் செட் 1-6. மழை வந்து ஆட்டம் நின்றது. கோச் பேச அனுமதி உள்ள இடைவெளி அது ஒன்றுதான். உடைமாற்றும் அறையில் கில்பர்ட் சத்தம் போட்டார். தயங்காமல் அடி, தோற்றாலும் உன் ஆட்டத்தை ஆடித் தோற்றுப்போ என்பதுதான் அதன் சாரம். உடனே எதுவும் மாறிவிடவில்லை, இரண்டாவது செட்டும் 2-6 என்று போனது. மூன்றாவது செட்டில் 4-4, அகாசியின் சர்வில் பிரேக் பாயின்ட், அதை இழந்தால் அந்த கேம் மெட்வெடேவுக்கு. முதல் சர்வ் தவறியது. இரண்டாவது சர்வைப் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடினார், வாலியில் பாயின்டை எடுத்தார். பேஸ்லைனில் நின்று ஆடியே பெயர் வாங்கியவர், டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறி பாயின்ட் போவது) பயம் தொண்டையில் நிற்கும் நேரத்தில், இரண்டாவது சர்வுக்குப் பின்னால் ஓடுகிறார்! அந்த செட்டை 6-4 என்று எடுத்து, அடுத்த இரண்டையும் 6-3, 6-4 என்று வென்றார். அதோடு நான்கு கிராண்ட் ஸ்லாமும் அவர் கையில்.

ராடிக் கதை சுருக்கமானது. 2003 பிரெஞ்சு ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்ற பிறகு ஜூனில் கில்பர்ட் வந்தார். உலகமே பயந்த சர்வை அவர் தொடவில்லை. ராடிக் குவீன்ஸ், இண்டியானாபோலிஸ், மாண்ட்ரியல், சின்சினாட்டி, யு.எஸ். ஓபன் என்று அள்ளினார், வருட முடிவில் முதலிடம்.

கோகோ காஃப் விஷயம் இன்னும் நுட்பமானது. 2023 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அவருடைய ஃபோர்ஹேண்ட் பிடி மிகவும் திருகலானது. வேகமாகத் தாழ்ந்து வரும் பந்துக்கு ராக்கெட் வந்து சேர்வதற்குள் நேரம் தப்பிவிடும், பந்து குட்டையாக விழும், எதிராளி உள்ளே வந்து அடிப்பார். ஆறு வாரத்தில் யாராலும் பிடியை மாற்ற முடியாது. மாற்றப் போனால் இருப்பதும் போய்விடும். காஃபின் இன்னொரு கோச்சான பெரே ரிபாவும் கில்பர்ட்டும் சேர்ந்து பிடியை விட்டுவிட்டு நிற்கும் இடத்தில் கை வைத்தார்கள். இரண்டடி பின்னால் நில், பந்துக்கு நேரம் கிடைக்கும். வலைக்கு மேல் நல்ல உயரத்தில், சுழலோடு, ஆழமாகப் போடு. மீதியைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். பெண்கள் டென்னிஸில் அவரைப் போல ஓடுபவர் வேறு யார்?

விம்பிள்டனுக்குப் பிறகு 19 ஆட்டங்களில் 18 வெற்றி. அதற்கு முன் ஏழு முறை ஆடி ஒரு செட்கூட எடுக்க முடியாத இகா ஸ்வியாடெக்கை சின்சினாட்டியில் வென்றார். யு.எஸ். ஓபன் இறுதியில் முதல் செட்டை 2-6 என்று இழந்தும், வந்ததையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். அரினா சபலென்கா 46 பந்துகளைத் தானாகவே வீணடித்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 முதல் யு.எஸ். ஓபனில் பார்வையாளர் பெட்டியிலிருந்து கோச் பேசலாம் என்றாகிவிட்டது. நான்காம் சுற்றில், வொஸ்னியாக்கியோடு ஆடும்போது, பேசுவதை நிறுத்தச் சொல்லி கில்பர்ட்டிடமே காஃப் கேட்டுவிட்டார். ஒரு பாயின்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 நொடி. துண்டில் முகம் துடைத்து, பந்து வாங்கி, மூச்சு பிடிப்பதற்குள் ஒரு வாக்கியம்தான் மண்டையில் ஏறும். அந்தப் பெண் கேட்டது நியாயம், கில்பர்ட் செய்தது தவறு.

பெரிய சாம்பியன்கள் கோச்சாக முடியாது என்று நான் சொல்லவில்லை. ஷரபோவாவோடு ஜிம்மி கானர்ஸ் 2013-ல் ஒரே ஒரு ஆட்டம்தான் தாங்கினார். எட்டு கிராண்ட் ஸ்லாம் வென்ற இவான் லெண்டலோ ஆண்டி மர்ரேயை மூன்று முறை சிகரம் ஏற்றினார். லெண்டலும் தன் முதல் நான்கு இறுதிகளில் தோற்றவர், மர்ரேயும் அப்படியே. தோற்றவனின் இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அவர்.

கில்பர்ட் முறைக்கு எல்லை உண்டு. இருப்பதை வைத்து ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பார். அடிப்படையே ஆடிப்போன ஒன்றைப் பிரித்துக் கட்டுவதற்கு வேறு கை வேண்டும். 2024 யு.எஸ். ஓபனில் எம்மா நவாரோவிடம் தோற்ற ஆட்டத்தில் காஃப் போட்ட டபுள் ஃபால்ட் 19. எங்கே நிற்பது என்று சொல்லித் தீர்க்கிற நோய் இல்லை அது. அந்த செப்டம்பரிலேயே காஃபும் கில்பர்ட்டும் பிரிந்தார்கள், சர்வை மாற்றும் வேலை மற்றவர்கள் கைக்குப் போனது.

ஆனால் 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பாருங்கள். காற்று சுழன்றடித்த நாள், மறுபடி எதிரே சபலென்கா, மறுபடி முதல் செட் தோல்வி. காஃப் பின்னால் நின்று, உயரமாக, ஆழமாக, ஒவ்வொரு பந்தையும் திருப்பிப் போட்டு 6-7, 6-2, 6-4 என்று வென்றார். அன்று சபலென்காவின் தவறுகள் 70.