சிகாகோ வெயிலை மறந்துவிட்டீர்களே

காலநிலை மாற்றம் விஞ்ஞானிகளின் பாடு, சமூகவியலுக்கு அதில் பெரிய வேலை இல்லை என்கிறார் ஒரு கட்டுரையாளர். சரி, 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலை என்ன சொல்வது? வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள்.

சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் ஒட்டியிருக்கும் இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழை முதியவர்கள், தனியாக வாழ்பவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் நார்த் லாண்டேலில் சாவு விகிதம் சவுத் லாண்டேலைப்போலப் பத்து மடங்கு. தெற்கே கடைகள், எந்நேரமும் ஆள் நடமாட்டம். வயதானவர்கள் துணிந்து வெளியே வந்து, ஏசி உள்ள கடைக்குள் போய் நின்றார்கள். வடக்கே காலி மனைகள், திருட்டு பயம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். வெப்பமானி இரண்டு இடத்திலும் ஒன்றைத்தான் காட்டியிருக்கும். (இந்த விளக்கத்தோடு சண்டை பிடித்த சமூகவியலாளர்களும் உண்டு, அது தனிக்கதை.)