மேலூர் கிரானைட்டுக்கு அடியில பெட்ரோல் இல்லைங்க

வியட்நாம்ல கிரானைட்லயே எண்ணெய் ஊறுது, அதனால நம்ம மேலூர் குவாரிக்கு அடியிலயும் தீராத பெட்ரோல் இருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. பாதி உண்மை, அதான் ஆபத்து.

வியட்நாம் கடல்ல பாக் ஹோ வயல்ல 1988ல இருந்து கிரானைட்லேருந்து எண்ணெய் எடுக்குறது நிஜம். ஆனா அது அங்க உருவானதில்ல. அந்த கிரானைட் புதைஞ்சுபோன ஒரு மலை, அதோட சரிவுல பழைய ஏரிச் சேறு இறுகி ஷேல் பாறையா கிடக்கு, அந்த ஷேல் ஆழத்துல சூடாகி எண்ணெய் பிரிஞ்சு பக்கத்துல மேடா நிக்கிற கிரானைட்டோட விரிசலுக்குள்ள ஏறிருச்சு. எண்ணெயில பாசி விட்டுப்போன மூலக்கூறு தடயம் இருக்கு, அதே தடயம் ஷேல்லயும் இருக்கு.

ஆழத்துல உயிர் இல்லாமலும் கொஞ்சம் மீத்தேன் உருவாகும், அது வாஸ்தவம். அதை நம்பி 1980கள்ல ஸ்வீடன்ல சில்யான்ங்கிற இடத்துல கிரானைட்டை 6 கிலோமீட்டருக்கு மேல துளைச்சாங்க, வியாபாரத்துக்கு ஆகுற அளவு எதுவும் வரல.

மேலூர்ல பாறை மேலயே தெரியுது, எண்ணெய் கொடுக்குற ஷேல் பக்கத்துல இல்ல. அது இருக்கிறது ராமநாதபுரம், காவிரிப் படுகைப் பக்கம். இதைச் சொல்லி நிலத்துக்கு யாராவது கூட விலை கேட்டா தயவுசெஞ்சு அட்வான்ஸ் கொடுத்துராதீங்க.